காலை வேலையை விட்டால்தான் ஆய்வகமா? ஓர் இளநிலை மாணவியின் இரண்டாண்டு நிகழ்வு ஆய்வு

சென்னையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் துறையில் 2023 ஏப்ரல் முதல் 2025 ஜூன் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பி.எஸ்சி. மாணவி ஒருவர் வெளி ஆய்வகம் ஒன்றில் எப்படி நுழைந்தார், அங்கே எப்படி நிலைத்தார், அதற்காக என்னென்ன ஏற்பாடுகள் தேவைப்பட்டன என்பதுதான் பொருள். நான் அவருடைய வகுப்பின் பொறுப்பாசிரியர். மாணவியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர்களையும் நிறுவனங்களையும் குறிப்பிடவில்லை. கூலி, நேரம் பற்றிய கணக்கை மட்டும் மறைக்காமல் தந்திருக்கிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பின்னணி

மாணவி வடசென்னையைச் சேர்ந்தவர். மாநகராட்சிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 2022-இல் எங்கள் துறையில் சேர்ந்தார். சுயநிதிப் பிரிவு என்பதால் வகுப்பு பிற்பகல் 1.30-க்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும். தந்தை இல்லை. தாய் ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை பார்க்கிறார். தம்பி பள்ளியில் படிக்கிறான்.

கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களிலேயே வீட்டுக்கு அருகில் உள்ள மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காலை 8.30 முதல் 12.30 வரை, வாரம் ஆறு நாள், மாதச் சம்பளம் 6,500 ரூபாய். சரக்கு வந்ததும் தொகுதி எண், காலாவதித் தேதி பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றுவது அவர் பொறுப்பு. இதைத் தவிர, அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீட்டு வாடகையும் கல்லூரிக் கட்டணமும் பெரும்பாலும் இவருடைய சம்பளத்தில்தான் ஓடின. இதெல்லாம் பின்னால் தெரிந்தவை. முதல் ஆண்டில் எங்கள் துறையில் ஒருவருக்கும் அவர் வேலைக்குப் போவது தெரியாது. காலையில் வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருவது இரண்டாம் ஷிஃப்டில் சர்வசாதாரணம். ஆசிரியர்கள் கேட்பதில்லை, மாணவர்களும் சொல்வதில்லை.

2023 ஏப்ரலில் செய்முறை வகுப்பில் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் சோதனை நடந்தது. அகர் தட்டில் (பாக்டீரியா வளரும் கூழை ஊற்றி உறையவைத்த தட்டு) பாக்டீரியாவைப் பரப்பி, அதன்மேல் மருந்து வில்லை வைத்து, மறுநாள் வில்லையைச் சுற்றி வளர்ச்சியில்லாத வட்டத்தை அளக்கும் எளிய சோதனை. ஒரே பாக்டீரியா, ஒரே மருந்து, ஆனால் இரண்டு பெஞ்சுகளின் அளவுகள் வேறுபட்டன. மற்றவர்கள் ரெக்கார்டில் சராசரியை எழுதிவிட்டுப் போனார்கள். இவர் நின்று, "எது சரின்னு எப்படி மேம் தெரியும்?" என்று கேட்டார். ஆராய்ச்சி என்ற பேச்சு அங்கே தொடங்கியது.

கோடையில் கவனித்தவை

அடுத்த சில வாரங்களில் அவரே முயன்று பார்த்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த முகவரிகளுக்கெல்லாம் ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தார். "தங்கள் பெருமைமிக்க நிறுவனத்தில் பயிற்சி பெற மிகவும் ஆவலாக உள்ளேன்" என்பதே அதன் சாரம். எந்த ஆய்வகம் எதைப் பற்றி ஆராய்கிறது என்பதே அதில் இல்லை. ஒரு பதிலும் வரவில்லை. தான் லாயக்கில்லை என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார்.

இதற்கிடையே தனியார் பயிற்சி மையம் ஒன்றிலிருந்து அழைப்பு. 15 நாள் 'இன்டர்ன்ஷிப்', கட்டணம் 8,000 ரூபாய், முடிவில் சான்றிதழ். தாய் கம்மலை அடகு வைக்கத் தயாராக இருந்தார். சேரலாமா என்று கேட்கத்தான் மாணவி என்னிடம் வந்தார்.

அந்த மையத்துக்கு முந்தைய ஆண்டுகளில் போன எங்கள் மாணவர்கள் சிலரிடம் விசாரித்தோம். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் ஒரு பி.சி.ஆர். கருவியைச் சுற்றி முப்பது பேர் நின்று பார்த்தார்கள். துளியளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோ பிப்பெட்டைக் கையில் பிடித்தவர்கள் குறைவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி அறிக்கை அச்சடித்துத் தரப்பட்டது. இப்படிப்பட்ட சான்றிதழைப் பார்த்து ஒருவரை ஆய்வகத்தில் எடுத்துக்கொண்ட விஞ்ஞானியை நான் கண்டதில்லை. உழைப்பவருக்குக் கூலி தரவேண்டிய இடத்தில், உழைக்க வருபவரிடமே பணம் வாங்கும் இந்த வழக்கம் முதல் தலைமுறைப் பட்டதாரிக் குடும்பங்களைத்தான் அதிகம் குறிவைக்கிறது. எது நல்ல ஆய்வகம் என்று சொல்ல அந்த வீடுகளில் ஆள் கிடையாது. இது எனக்கு ஆறாத கோபம்.

முடிவு: சேர வேண்டாம். தாயிடம் நேரில் பேசினோம். "காசு கட்டாம யாரும்மா சொல்லித் தருவாங்க?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எங்களுக்கு ஓர் ஆய்வகம் தேவைப்பட்டது.

கடிதத்தை மாற்றி எழுதியது

2023 ஜூனில் மூன்றாம் பருவம் தொடங்கியதும் வேறு முறையில் போனோம். முதலில் சென்னைக்குள், பேருந்திலோ ரயிலிலோ போய்வரக்கூடிய இடங்களை மட்டும் பட்டியலிட்டோம். பட்டியலில் இருந்த ஒவ்வோர் ஆய்வகத்தின் அண்மைக் கட்டுரை ஒன்றைத் துறை நூலகத்தில் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். முழுக்கப் புரியவேண்டியதில்லை, என்ன கேள்வி, என்ன முறை, எது புரியவில்லை என்று மூன்று வரி எழுதினால் போதும். பெரும்பாலான கட்டுரைகளில் முறைகள் பகுதிதான் அவருக்குப் பிடிபட்டது. அதுவே நல்லதாகப் போயிற்று.

புதிய கடிதம் சிறியது. கட்டுரையில் தான் படித்த ஒரு முறையைப் பற்றி ஒரு கேள்வி, தனக்குச் செய்யத் தெரிந்தவை, வாரத்தில் எந்த நேரங்களில் வரமுடியும், குறைந்தது ஓராண்டு தொடர முடியும் என்ற உறுதி, மதிப்பெண் பட்டியல், என் தொலைபேசி எண். தெரிந்தவை என்ற இடத்தில் பெரிதாக எதையும் போடவில்லை: ஊடகம் (நுண்ணுயிர்களை வளர்க்கும் கலவை) தயாரிப்பது, ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) இயக்குவது, பாக்டீரியாக்களை வகைபிரிக்கும் கிராம் சாயமேற்றுவது, சரக்குப் பதிவேடு பராமரிப்பது. கடைசியாகச் சொன்னதை எடுத்துவிடலாமா என்று அவர் தயங்கினார். எங்கே கற்றார் என்று கேட்காமலே, இருக்கட்டும் என்றேன்.

ஒன்றிரண்டு மறுப்புகளுக்குப் பிறகு தென்சென்னையில் உள்ள ஆய்வகம் ஒன்றிலிருந்து பதில் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். அந்த ஆய்வகத் தலைவர் பாடம் எதுவும் கேட்கவில்லை. பயன்படுத்தி முடித்த தட்டுகளை என்ன செய்வாய் என்று கேட்டார். 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகுதான் குப்பைக்கு, அதற்குமுன் கழுவக்கூடாது என்று இவர் சொன்னார். வரலாம் என்றார். வாரம் மூன்று நாள், உதவித்தொகை கிடையாது.

காசு பற்றிய முடிவு

அந்த நல்ல செய்தியோடு மாணவி என்னிடம் வந்தபோது முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அப்போதுதான் மருந்துக்கடை வேலையைப் பற்றிச் சொன்னார். ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்தில் அவருக்கு ஓய்வாக இருப்பது காலை மட்டுமே. அந்தக் காலை நேரம் மாதம் 6,500 ரூபாய்க்கு விற்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் பொதுவான நிலைமையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஆராய்ச்சித் திட்ட நிதியில் ஆள் சம்பளம் பெரும்பாலும் முதுநிலை முடித்தவர்களுக்கானது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை) தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் ஆனது, நல்ல விஷயம். ஆனால் அந்த இடத்துக்குப் போட்டியிடும்முன் இளநிலையில் அனுபவம் தேடும் மாணவருக்குப் பருவ நாட்களில் வாங்க ஒன்றுமில்லை. மத்திய அரசின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய்; அதில் 20,000 கோடை ஆராய்ச்சிக்கானது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த வாசல். இவர் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 1964-லிருந்து, படிக்கும் மாணவரின் பகுதிநேரக் கூலியில் ஒரு பங்கை மத்திய அரசே தரும் திட்டம் இருக்கிறது. ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவினாலும் அந்தக் கூலி கிடைக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969-இல் தொடங்கிய இளநிலை ஆராய்ச்சித் திட்டத்தில் மாணவர் கூலியாகவும் பெறலாம், பாட மதிப்பெண் புள்ளியாகவும் பெறலாம். நம்மிடம் சம்பளமில்லாத பயிற்சியே இயல்பு என்று ஆகிவிட்டது. அதை ஏற்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உள்ளே போகிறார்கள், மற்றவர்களுக்கு ஆர்வமில்லை என்று நாம் எழுதிவிடுகிறோம்.

துறையில் மூன்று வழிகளைப் பரிசீலித்தோம். வேலையைத் தொடர்ந்துகொண்டு மே மாதக் கோடைக்காகக் காத்திருப்பது ஒன்று. கோடையில் மருந்துக்கடைக்கு விடுமுறை கிடையாது என்பதால் சிக்கல் தள்ளித்தான் போகும், தீராது. வேலையை விட்டுவிட்டுத் துறை ஆசிரியர்கள் கையிலிருந்து மாதந்தோறும் பணம் தருவது இரண்டாவது. மாணவி அதை உடனே மறுத்தார், மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். மூன்றாவது, கல்லூரியின் 'படிக்கும்போதே சம்பாதி' திட்டம். நூலகத்தில் புத்தகம் அடுக்கவும் அலுவலகத்தில் கோப்பு சரிபார்க்கவும் மட்டுமே அதுவரை அதைப் பயன்படுத்தி வந்தார்கள். மணிக்கு 60 ரூபாய். எங்கள் துறையின் தயாரிப்பு அறைக்கு அதை நீட்டிக்க முதல்வரிடம் எழுத்தில் கேட்டோம். ஆய்வக உதவியாளர் பணியிடம் ஒன்று நெடுநாள் காலியாகக் கிடந்ததால் அனுமதி கிடைத்தது.

கணக்கு இப்படி அமைந்தது. திங்கள், புதன், வெள்ளி காலை 9 முதல் 1 வரை தயாரிப்பு அறையில் ஊடகம் தயாரித்தல், கிருமிநீக்கம், பதிவேடு. வாரம் 12 மணி நேரம், மாதம் சுமார் 2,900 ரூபாய். செவ்வாய், வியாழன் காலையும் சனிக்கிழமை முழுவதும் ஆய்வகம். மருந்துக்கடை முதலாளியிடம் மாணவியே பேசி ஞாயிறு முழு நாளும், வாரத்தில் இரண்டு நாள் இரவு 7 முதல் 9.30 வரையும் வேலையை மாற்றிக்கொண்டார். அதற்கு 2,400 ரூபாய். ஆக 5,300. குறைந்த 1,200 ரூபாயை முன்னாள் மாணவர் நிதியிலிருந்து பயணப்படி என்ற பெயரில் கொடுத்தோம். சாதாரண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவு உண்மையில் குறைவுதான். ஆனாலும் அது உதவிப் பணமாக இல்லாமல் வேலையோடு சேர்ந்த படியாக இருந்ததில் தாய்க்கு நிம்மதி.

இந்த அட்டவணையில் ஓய்வு நாளே இல்லை என்பதைத் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) சுட்டிக்காட்டினார். பருவத்தின் நடுவில் மறுபரிசீலனை செய்வது என்று முடிவாயிற்று.

ஆய்வகத்தில் முதல் மாதங்கள்

2023 ஜூலை இறுதியில் சேர்ந்தார். நீர்நிலைகளிலிருந்து பிரித்தெடுத்த ஈ.கோலை பாக்டீரியாக்கள் எந்தெந்த மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டுகின்றன என்று பிஎச்.டி. ஸ்காலர் ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். மாணவி அவரை அக்கா என்று கூப்பிட்டார். அக்காவுக்குத் தட்டு ஊற்றித் தருவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, குப்பை ஆட்டோகிளேவைக் கவனிப்பது: ஏறக்குறைய இரண்டு மாதம் இதேதான். கல்லூரித் தயாரிப்பு அறையிலும் அதே வேலை. "அங்க கழுவுறேன், இங்கயும் கழுவுறேன் மேம்" என்று ஒருநாள் சொன்னார். ஆகஸ்ட் இறுதியில் நான்காவது ரயில் பாதைப் பணிக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பயண நேரம் கூடியது. விட்டுவிடுவாரோ என்று நான் கவலைப்பட்ட காலம் அது.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்திருந்தேன்: செய்யும் வேலை எதுவாக இருந்தாலும் தனக்கென்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அவர் எழுதியது மருந்துக்கடை ரிஜிஸ்டர் போலவே இருந்தது. தேதி, ஊடகத்தின் பெயர், டப்பாவின் தொகுதி எண், திறந்த தேதி, எடை, ஆட்டோகிளேவ் நேரம், ஊற்றியவர் யார், எத்தனை தட்டு வந்தது. யாரும் அவரிடம் தட்டு எண்ணிக்கையைக் கேட்கவில்லை. கடையில் வந்த சரக்கும் போன சரக்கும் பொருந்த வேண்டும் என்ற பழக்கம்.

செப்டம்பரில் ஒரு சிக்கல் எழுந்தது. இந்தச் சோதனையில் ஒவ்வொரு முறையும் நடத்தை நன்கு தெரிந்த ஒரு தர ஈ.கோலை வகையையும் சேர்த்து வைப்பார்கள். ஜென்டாமைசின் வில்லைக்கு அதன் வட்டம் 19 முதல் 26 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சில நாட்களில் 27, 28 என்று வந்தது. அக்கா முதலில் வில்லைகளைச் சந்தேகித்துப் புதிய குப்பி வாங்கினார். பிறகு பாக்டீரியாக் கரைசலின் கலங்கலைச் சரிபார்த்தார். இன்குபேட்டர் வெப்பத்தையும் பார்த்தாயிற்று. எதிலும் குறை தெரியவில்லை.

மாணவி தன் நோட்டைப் புரட்டியபோது, அளவு பிசகிய நாட்களிலெல்லாம் 500 மி.லி. ஊடகத்தில் 24, 25 தட்டுகள் வந்திருந்தன. மற்ற நாட்களில் 20. விளக்கம் எளிது. இந்தச் சோதனைக்கு அகர் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும், 90 மி.மீ. தட்டுக்கு அது ஏறக்குறைய 25 மி.லி. தட்டுக்கு 20 மி.லி. ஊற்றினால் கனம் 3 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய அகரில் மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவி, வட்டம் பெரிதாகும். எதிர்ப்புள்ள பாக்டீரியாவையும் மருந்துக்கு அடங்குவதாகக் காட்டிவிடும். வேலை நெருக்கடியான நாட்களில், தட்டு பற்றாமல் போகக்கூடாது என்று யாரோ கண்ணளவாகக் குறைத்து ஊற்றியிருக்கிறார்கள். அவற்றில் சில நாட்களில் ஊற்றியவர் மாணவியே.

அதை அக்காவிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார். ஒரு பங்கு முடிவுகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், தன் பெயரும் வெளிவரும். என்னிடம் கேட்டார். நோட்டை அப்படியே கொண்டுபோய் வையுங்கள், விளக்கம் பிறகு சொல்லலாம் என்றேன். அக்காவுக்கு முதலில் எரிச்சல்தான். அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து, பழைய தட்டுகளில் மிச்சமிருந்தவற்றை வெட்டி ஸ்கேல் வைத்துக் கனம் அளந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. ஆய்வகத் தலைவர் அந்த நாட்களின் முடிவுகளை நீக்கித் திரும்பச் செய்யச் சொன்னார். அளவுக் குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும், தட்டு எண்ணிக்கையைப் பதிய வேண்டும் என்று விதி வந்தது. அந்த வாரத்திலிருந்து மாணவிக்குச் சோதனை மேசையில் இடம் கிடைத்தது.

ஏப்ரலில் அவர் கேட்ட கேள்விக்கான விடையும் இதில் இருந்தது. எங்கள் செய்முறை வகுப்புத் தட்டுகளைச் சோதித்துப் பார்த்தபோது அங்கேயும் கனம் ஒரே சீராக இல்லை.

வெள்ளமும் மௌனமும்

அக்டோபரில் அக மதிப்பெண்கள் வந்தன. இரண்டு பாடங்களில் இறங்கியிருந்தார். முன்பே பேசிவைத்தபடி அட்டவணையைத் திருத்தினோம்: சனிக்கிழமை ஆய்வகம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். ஆய்வகத்தில் இதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சி நல்கைக்கும் விண்ணப்பித்தார். எதற்காக வர விரும்புகிறேன் என்று எழுதும் பகுதியில், தட்டுக் கனத்தைக் கண்டுபிடித்த கதையையே எழுதினார்.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. பாடக் குறிப்புகள் நனைந்தன. ஆய்வக நோட்டு தப்பியது, அது தயாரிப்பு அறை அலமாரியில் இருந்ததால். வீட்டைச் சுத்தம் செய்வது, தம்பியை உறவினர் வீட்டில் விடுவது, தள்ளிப்போன தேர்வுகளை எழுதுவது என்று பல வாரம் அவர் ஆய்வகப் பக்கமே போகவில்லை. போகாததைச் சொல்லவும் இல்லை. கல்லூரியில் இருந்த எங்களுக்கு நிலைமை தெரியும். நகரின் மறுகோடியில் இருந்த ஆய்வகத்துக்குத் தெரியாது. வரவேண்டிய நாளில் வராததால் அக்காவின் சோதனை ஒன்று வீணானது. ஜனவரியில் ஆய்வகத் தலைவர் என்னை அழைத்து, "அந்தப் பொண்ணுக்கு ஆர்வம் போயிடுச்சா?" என்று கேட்டார்.

மாணவியிடம் கேட்டால், "எப்படி மேம் அதையெல்லாம் போய்ச் சொல்றது?" என்கிறார். வீட்டுக் கஷ்டத்தை மேலிடத்தில் சொல்வது இரக்கம் கேட்பது போல அவருக்குப் பட்டிருக்கிறது. ஆராய்ச்சிச் சூழலில் பேசாமலிருப்பதை அக்கறையின்மை என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. இது திறமைக் குறைவு சம்பந்தப்பட்டதே அல்ல. இத்தகைய இடங்களில் எப்படிப் பேசுவது என்பதைச் சில வீடுகள் பிள்ளைகளுக்குத் தெரியாமலே கற்றுக்கொடுத்துவிடுகின்றன, சில வீடுகளால் முடிவதில்லை.

மூவரும் நேரில் அமர்ந்து பேசி ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். எந்த நாட்கள், தேர்வுக்கு முன் எத்தனை வாரம் விடுப்பு, வரமுடியாவிட்டால் முந்தைய நாள் இரவுக்குள் அக்காவுக்கு ஒரு வரி வாட்ஸ்அப், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மாணவியின் பங்களிப்பு எங்கே எப்படிக் குறிப்பிடப்படும் என்பதையும் சேர்த்தோம். ஏனென்றால் அதற்குச் சற்று முன் ஒரு மாநாட்டுச் சுவரொட்டியில் அவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லாமல் போயிருந்தது. சுட்டிக்காட்டியதும் அக்கா அடுத்த சுவரொட்டியில் சேர்த்துவிட்டார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு விட்டதல்ல. சேர்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பின் நடந்தவை

கோடை நல்கை கிடைக்கவில்லை. 2024 மே, ஜூன் இரண்டு மாதமும் அதே ஆய்வகத்தில் முழுநேரமாக இருந்தார். அந்த நிறுவனத்தில் கோடைப் பயிற்சியாளருக்கென்று மாதம் 5,000 ரூபாய் இருந்தது. ஆய்வகத் தலைவர் அதற்குப் பரிந்துரைத்தார். முன்பு பாத்திரம் கழுவியவர் இப்போது புதிதாக வந்த இரண்டு கோடை மாணவர்களுக்குத் தட்டு ஊற்றக் கற்றுக்கொடுத்தார்.

இறுதியாண்டில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கு எங்கள் துறை வழியாக விண்ணப்பித்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் தெருவில் எல்லாரும் 20 லிட்டர் கேன் தண்ணீருக்கு மாறியிருந்தார்கள். அடைத்து விற்கும் குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி 250 மி.லி. மாதிரியில் கோலிஃபார்ம் பாக்டீரியா (நீரில் கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் வகை) இருக்கக்கூடாது. கேனைத் திறந்து வீட்டுப் பானையிலும் குழாய் வைத்த ஸ்டாண்டிலும் ஊற்றிய பிறகு, நாள் செல்லச் செல்ல என்ன ஆகிறது என்பது அவருடைய கேள்வி. திட்டத்துக்குச் சிறு நிதி கிடைத்தது. மாதிரி எடுக்க அவர் தெருவிலேயே வீடுகள் இருந்தன. அறிக்கை மன்றத்திடம் சமர்ப்பிக்கப்பட்டது. அவர் தெருவில் பலர் இப்போது ஸ்டாண்டைக் கழற்றிக் கழுவுகிறார்கள் என்று தாய் சொன்னார்.

2025-இல் பி.எஸ்சி. முடித்தார். முதுநிலைக்கான பொது நுழைவுத் தேர்வு எழுதியதில் வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. அதே வாரத்தில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் நுண்ணுயிரியல் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலையும் கிடைத்தது. நேர்காணலில், தரக் கட்டுப்பாட்டு முடிவு எல்லையைத் தாண்டினால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

வேலையைத் தேர்ந்தெடுத்தார். தாய்க்குக் கழுத்துவலி அதிகமாகி மெஷினில் உட்கார முடியாத நிலை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. எம்.எஸ்சி.யை விட்டது தோல்வி என்று துறையில் சிலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்து, வீட்டு நிலையைப் பார்த்து அவரே முடிவெடுத்தார். 2023 மே மாதத்தில் அவர் கையில் இருந்தது 8,000 ரூபாய்க் கட்டணச் சீட்டு ஒன்றுதான்.

துறையில் மாற்றியவை, இன்னும் மாறாதவை

இப்போது ஆராய்ச்சி ஆர்வத்தோடு வரும் மாணவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, காலையில் எங்கே வேலை பார்க்கிறீர்கள், எவ்வளவு வருகிறது என்பதைத்தான். மதிப்பெண் பிறகு. ஆய்வகத்துக்குக் கடிதம் போகும்முன்பே மணிக்கணக்கும் காசுக் கணக்கும் தாளில் எழுதப்பட்டுவிடும். ஒரு பக்க ஒப்பந்தம் முதல் நாளே கையெழுத்தாகிறது. பிரச்சினை வந்த பிறகு எழுதுவதைவிட அப்போது எழுதுவது எல்லாருக்கும் எளிது. நோய்க்கிருமிகளைக் கையாளும் ஆய்வகமாக இருந்தால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் பாதுகாப்புப் பயிற்சியும் முடிந்ததா என்று எழுத்தில் கேட்கிறோம். கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்களின் துண்டறிக்கைகளைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதிப்பதில்லை.

தயாரிப்பு அறையில் இப்போது நான்கு மாணவர்கள் கூலிக்கு வேலை செய்கிறார்கள். தட்டு எண்ணிக்கை அங்கேயும் பதிவாகிறது. ஓய்வு நாள் இல்லாத அட்டவணைக்கு இனி அனுமதியில்லை என்று ஹெச்.ஓ.டி. சொல்லிவிட்டார். அதன் விலை என்னவென்றால், மருந்துக்கடை போன்ற இரண்டாவது வேலையை விட முடியாத மாணவருக்கு ஆய்வக நாட்கள் வாரம் இரண்டாகக் குறைகின்றன; அவர் கற்பது மெதுவாகிறது. இதற்கு வழி கூலியை உயர்த்துவதுதான். மணிக்கு 60 ரூபாயை 100 ஆக்கக் கேட்டுக் கொடுத்த மனு கல்லூரி நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. அதுவரை முன்னாள் மாணவர் நிதியிலிருந்து பயணப்படி தொடர்கிறது. அந்த நிதிக்கு இந்த ஆண்டு வந்த தொகைகளில் ஒன்று, தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருக்கும் அந்த மாணவி தன் சம்பளத்திலிருந்து அனுப்பியது.